பழைய மருந்தடிக்கும் ட்ரோன் வாங்கப் போகிறீர்களா? முற்பணம் கொடுக்க முன் இப்படிப் பாருங்கள்

காலபோக விதைப்பு நெருங்கும்போதே எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "தம்பி, ஒரு ட்ரோன் விலைக்கு வந்திருக்கு. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?" அக்கராயனிலிருந்து ஒருவர், ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர். எல்லா இடத்துக்கும் என்னால் போக முடிவதில்லை. அதனால் நான் பார்க்கிற முறையை இங்கே எழுதுகிறேன். ட்ரோனைக் கையால் தொட்டே பார்க்காதவருக்கும் விளங்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

போன வருடம் முத்தையன்கட்டுப் பக்கம் ஓர் அண்ணை அவசரப்பட்டு ஒன்றை வாங்கினார். வெறும் 60 மணித்தியாலம் பறந்தது, புதுசு மாதிரி இருந்தது. இரண்டாம் நாளே பாதித் தாங்கி மருந்தோடு எச்சரிக்கை அடித்து, நடு வயலுக்குள் இறங்கிவிட்டது. முழங்காலளவு சேற்றுக்குள் இரண்டு பேர் இறங்கித் தூக்கி வந்தோம். ட்ரோனில் பிழை இல்லை. பற்றரிதான் செத்திருந்தது. ஒரு சிறுபோகம் முழுக்கத் தகரக் கொட்டிலுக்குள் முழுச் சார்ஜோடு கிடந்திருக்கிறது.

ஆகவே முதல் கேள்வி "எத்தனை மணித்தியாலம் ஓடினது?" என்பதல்ல. "எத்தனை மாதம் ஓடாமல் கிடந்தது, எங்கே கிடந்தது?" என்று கேளுங்கள். குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோகத்தில் விதைக்கிற ஏக்கரும் குறையும். அப்போது ட்ரோனுக்கு வேலையில்லை. வன்னி வெயிலில் மே, ஜூன், ஜூலை என்று அது மூலையில் கிடக்கும். பெரிய விமானத்துக்கும் இதே கதைதான். செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் வருகிற லைக்கோமிங் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க 2000 மணித்தியாலம் அல்லது 12 வருடம் என்று கணக்குச் சொல்வார்கள், எது முந்துகிறதோ அது. பறக்காமல் நின்றால் உள்ளே துருப்பிடிக்கும் என்பதால்தான் வருடக் கணக்கும் சேர்ந்து வருகிறது. பழைய விமானம் வாங்குபவர்கள் விற்பவருடைய மெக்கானிக்கை நம்பி நிற்க மாட்டார்கள். தங்களுக்கென்று வேறொருவரைக் கூட்டிப் போவார்கள், முதல் நாளிலிருந்து எழுதிய குறிப்பேட்டைப் புரட்டுவார்கள். நாமும் அப்படியே செய்வோம்.

1. கடதாசியும் கணக்கும்

ட்ரோனில் ஒட்டியிருக்கிற தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு மாற்ற என்ன வேண்டும் என்பதை விற்பவரிடம் அல்ல, அதிகாரசபையிடமே கேளுங்கள்.

அப்புறம் ட்ரோனை இயக்குகிற செயலியில் (ஆப்) இருக்கிற கணக்கு. பழைய சொந்தக்காரரின் கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்து, உங்கள் கணக்கில் சேர்த்து, றிமோட்டில் உங்கள் பெயர் தெரிகிற வரைக்கும் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

2. பற்றரி

அதிக நேரம் எடுக்க வேண்டியது இங்கேதான். பற்றரி ஒவ்வொன்றையும் சமதரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வயிறு ஊதியிருந்தால் வேறு கதை வேண்டாம், அதை விலையிலிருந்து கழியுங்கள், அதில் பறக்கவும் வேண்டாம். பிறகு முனைகளைப் பாருங்கள். செம்பு தெரிகிற இடத்தில் பச்சை மா மாதிரி ஏதும் படிந்திருந்தால் மருந்தோ உரமோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கறுத்து உருகின தழும்பு இருந்தால் அந்த இடம் சூடேறியிருக்கிறது.

அடுத்து செயலியைத் திறவுங்கள். டி.ஜே.ஐ. நிறுவனத்தின் அக்ராஸ் டி10, டி30 போன்ற மருந்தடிக்கும் ட்ரோன்களின் பற்றரியில் 51.8 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் 3.7 வோல்ட்டான 14 கலங்கள் (செல்கள்) வரிசையாக இணைந்தது அது. 14 கலத்தின் வோல்ட்டும் திரையில் தனித்தனியே தெரியும். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கலம் மட்டும் 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால், சுமை ஏறியதும் முதலில் விழப்போவது அதுதான். எத்தனை தடவை சார்ஜ் ஏறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "பற்றரி எல்லாம் நல்லம் தம்பி" என்ற வார்த்தையை நான் ஒருநாளும் கணக்கில் எடுப்பதில்லை.

3. கையும் காதும்

மோட்டார் பூட்டியிருக்கிற ட்ரோனின் கைகளை விரித்துப் பூட்டுங்கள். பூட்டின பிறகு நுனியைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. கார்பன் குழாயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வெடிப்பை மறைத்து ஒட்டியதை நான் கண்டிருக்கிறேன். ஒரு நாணயத்தை எடுத்துக் குழாய் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடத்தில் "டக் டக்" என்று தெளிவாகக் கேட்கும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகி ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி கேட்டால், அங்கே உள்ளே இழைகள் பிரிந்திருக்கலாம்.

மோட்டாரைப் பற்றரி கழற்றிய நிலையில் கையால் சுற்றுங்கள். மணல் அரைக்கிற மாதிரி உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. இறக்கைகளின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் கீறல் தட்டுப்படும். இறக்கை மாற்றுவது பெரிய செலவில்லை, அதற்காக நல்ல ட்ரோனை விட வேண்டாம்.

4. தண்ணீரோடு பறக்கவிடுங்கள்

மருந்து வேண்டாம், சுத்தமான தண்ணீர் போதும். வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படைத் தளங்கள் இருப்பதால், அந்தப் பக்கத்தவர்கள் எங்கே பறக்கலாம் என்பதை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பறக்க முன், நிலத்தில் வைத்தே பம்பை ஓடவிட்டு, மருந்து தெளிக்கிற ஒவ்வொரு முனைக்கும் (நொசில்) கீழே ஒரு வாளி பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று அளந்தால், ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

பிறகு முழுத் தாங்கியோடு தூக்கி ஓரிடத்தில் நிறுத்துங்கள். வெறும் தாங்கியோடு எந்த ட்ரோனும் அழகாகத்தான் நிற்கும். முழுச் சுமையில் பத்து நிமிடம்கூட நிற்காது, அது பிழையில்லை. ஆனால் காற்றில்லாத நேரத்திலும் ஒரு பக்கம் சரிந்தால், அல்லது சத்தம் ஏறி ஏறி இறங்கினால், இறக்கிவிடுங்கள். இறங்கியதும் கையை ஒவ்வொரு மோட்டாருக்கும் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்த மோட்டாரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நெல் காயவிடுகிற சீமெந்துத் தளம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அதன் மேலால் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒரு தடவை போகச் சொல்லுங்கள். காய்ந்த சீமெந்தில் ஈரப்பட்டை அப்படியே தெரியும். நடுவில் காய்ந்த கோடு விழுந்தால், நாளைக்கு வயலில் அந்தக் கோட்டில்தான் புல் நிற்கும்.

5. விலை பேசுங்கள், பிறகு கழுவுங்கள்

கண்ட குறையெல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பற்றரியின் விலையைத் தனியாகவும் ட்ரோனின் விலையைத் தனியாகவும் பேசுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகை சொன்னால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தாங்கி, குழாய், வடி, முனை எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரால் மூன்று தடவை கழுவுங்கள். கழுவின தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். பழைய சொந்தக்காரர் கடைசியாக நெல்லுக்கு எம்.சி.பி.ஏ. அடித்திருந்தால் அது அகன்ற இலைக் களைகளைக் கொல்லுகிற மருந்து. உழுந்தும் கௌபியும் அகன்ற இலைப் பயிர்கள்தான். மிச்சம் மீதி குழாய்க்குள் நின்றால், நீங்கள் பூச்சிக்கு அடிக்கப் போன உழுந்தும் கௌபியும் இரண்டு மூன்று நாளில் முறுகி நிற்கும். கடைசியாக என்ன மருந்து அடித்தது என்பதை வாங்குகிற அன்றே கேட்டு, அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.