வரம்பில் கிடக்கும் காலடியை வாசிப்பது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் விடிந்ததும் முதல் செய்தி யானைதான். "ராத்திரி பெரிய அலியன் ஒண்டு வந்திருக்கு" என்பார்கள் (அலியன் என்றால் தந்தமில்லாத ஆண் யானை), எவ்வளவு பெரிசு என்று கேட்டால் கையை மேலே தூக்கிக் காட்டுவார்கள், அந்த உயரம் ஆளுக்கு ஆள் மாறும். பரணில் முழித்திருந்தவரின் பயத்தையும் சேர்த்துத்தானே அவர் அளக்கிறார்! நீங்கள் ஒரு சணல் கயிறும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள்.

யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, வந்ததை இரண்டால் பெருக்கினால் தோள் வரையான உயரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். சுற்றளவு 4 அடி என்றால் யானை 8 அடி. அவ்வளவுதான் கணக்கு, ஆனால் பிழை விடுவதற்கு இடம் நிறைய இருக்கிறது. முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்கால் நீள்வட்டமாக ஒடுங்கி, பல நேரம் முன்னங்கால் தடத்தின் மேலேயே விழுந்து அதைக் கெடுத்துவிடும். அதனால் நாலைந்து தடம் பார்த்து, விளிம்பு சிதையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உழுத சேற்றில் அளக்கவே கூடாது. நான் முதல் தடவை அங்கேதான் அளந்தேன், கால் வழுக்கி அகன்ற தடம் அது, 11 அடி யானை என்று கணக்கு வந்தது. பெருமையாகச் சொன்னதும் காவல்காரப் பெரியவர் ஒருவர், "தம்பி, அது யானை இல்ல, லொறி" என்றார். குளக்கட்டின் அடி, வாய்க்கால் ஓரத்தில் இறுகிய ஈர மணல், இவைதான் சரியான இடம்.

தனியாக வந்த தடம், உயரமும் 8 அடிக்கு மேல் என்றால் பெரும்பாலும் ஆண்தான். சிறிய தடங்களும் கலந்து கிடந்தால் பெண்களும் குட்டிகளும். பக்கத்தில் இலத்தி கிடந்தால் குச்சியால் கிளறிப் பாருங்கள், நெல்லுமி இருந்தால் வயலுக்குள் இறங்கியது உறுதி, விளாங்கொட்டை இருந்தால் காட்டிலும் மேய்ந்திருக்கிறது.

ஒரு விஷயம். தடத்தில் ஊறிய தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் அளக்காமல் திரும்பிவிடுங்கள், யானை பக்கத்துப் பற்றைக்குள் நிற்கலாம். எப்போதும் வெயில் ஏறிய பிறகு, அந்த வட்டையை, அதாவது வயல்வெளியை, தெரிந்த ஒருவரோடுதான் போக வேண்டும். தடம் போகும் திசையில் போகவே வேண்டாம்.

இது ஏதோ விளையாட்டு வேலை என்று நினைக்காதீர்கள். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத் திட்டத்தில் வந்த ஜோர்ஜ் மக்கே நம் கல்லோயா, லாகுகல பக்கம் யானைகளின் பின்னால் அலைந்து, 1973இல் ஒரு முழு ஆய்வையே வெளியிட்டார். இப்போது பிரித்திவிராஜ் பெர்னாண்டோ போன்ற யானை ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டியில் ஜிபிஎஸ் கட்டிப் பார்க்கிறார்கள். சரணாலய எல்லை என்று நாம் கீறிய கோட்டை யானை கணக்கெடுப்பதில்லை, மனிதர் குடியிருக்கும் நிலத்திலும் அது காலம் காலமாக நடமாடுகிறது என்பது அந்த வேலையில் நன்றாகத் தெரிந்தது. உன்னிச்சையில் வயல் செய்கிறவருக்கு அது புதுச் செய்தி இல்லை, சரிதான், ஆனால் வரைபடத்தோடு சொன்னால்தானே கந்தோரில் கேட்பார்கள்.

அப்புறம் பூனை இனம். இலங்கையில் காட்டுப்பூனை வகை நாலு, அதில் சிறுத்தையும் ஒன்று. நகம் பதிந்திருந்தால் நாய், பதியாவிட்டால் பூனை என்பது பொது விதி. ஆனால் களப்பு ஓரத்திலும் வாய்க்காலிலும் திரியும் மீன்பிடிப் பூனையிடம் இந்த விதி செல்லாது, அதன் நகம் முழுதாக உள்ளே இழுபடாது, ஆகவே சேற்றில் சில நேரம் பதிந்துவிடும். உடம்பில் புள்ளி இருப்பதால் அதன் குட்டியைச் சிறுத்தைக்குட்டி என்று தூக்கி வருகிறவர்களும் உண்டு, தூக்காதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். நீர்நாய்க்குத் தடம் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், கல்லின் மேல் மீன் செதிலும் நண்டோடும் கலந்த எச்சம் கிடந்தால் போதும்.

எதை அளந்தாலும் நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், திகதி, நேரம், நிலம் ஈரமா காய்ந்ததா என்று கொப்பியில் எழுதுங்கள். அழுங்கோ (எறும்புதின்னி) தேவாங்கோ கண்டால் மட்டும் இடத்தை முகநூலில் போட வேண்டாம், அழுங்கைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். போனும் படத்தோடு இடத்தைச் சேர்த்து வைத்திருக்கும், அதை முதலே நிறுத்திவிடுங்கள்.