வினிப்பசாக்கி ஏரியில் படகை எடுக்கும் முன்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வினிப்பசாக்கி ஏரிக்குக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சென்று, மோட்டார் படகைத் தாமே ஓட்ட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஏறத்தாழ 72 சதுர மைல் பரப்பும் 250-க்கும் மேற்பட்ட தீவுகளும் கொண்ட ஏரி அது. தண்ணீரில் பிரேக் கிடையாது என்பதால், காரோட்டிப் பழகிய கை அங்கே போதாது.

முதல் வேலை சான்றிதழ். 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜின் கொண்ட படகை ஓட்டும் 16 வயதினரும் அதற்கு மேற்பட்டவர்களும் படகோட்டுப் பாதுகாப்புக் கல்வியை முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். பயணத்துக்கு முந்தைய இரவு அவசரமாகப் படிக்காமல், சில வாரங்களுக்கு முன்பே படித்து முடித்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இந்த ஏரியில் பகலில் மணிக்கு 45 மைலும், சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழிந்ததிலிருந்து உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரை 25 மைலுமே உச்ச வரம்பு. ஆனால் என் கருத்தில், அந்த 45-ஐ விட முக்கியமான எண் 150 அடி. மற்றொரு படகு, நீந்துபவர், படகுத்துறை, கரை ஆகிய எதற்கும் 150 அடிக்குள் வந்துவிட்டால், படகு திசைமாறாமல் நகரத் தேவையான மிகக் குறைந்த வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 6 மைலில்தான் செல்ல வேண்டும்.

தண்ணீரின் மேல் தூரத்தைக் கணிப்பது கடினம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: ஆடுகளத்தின் நீளம் 66 அடி, 45 மைல் வேகத்தில் படகு ஒரு நொடியில் கடப்பதும் அதே 66 அடி. எனவே 150 அடி என்பது இரண்டேகால் ஆடுகளம். முழு வேகத்தில் இரண்டு நொடிக்குச் சற்றே அதிகம். எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் அந்த நேரமும் பாதியாகிவிடும். ஆகவே அந்த 150 அடி எல்லைக்கு வந்தபின் வேகத்தைக் குறைப்பது பயனற்றது. மேலும், வேகம் குறையும்போது பின்பகுதி தாழ்ந்து, முன்பகுதி தூக்கிக்கொள்ளும் அந்தச் சில கணங்களில்தான் படகு மிகப் பெரிய அலையை எழுப்புகிறது. எதிரே இருப்பதும் சரியாகத் தெரியாது. அந்த அலை துறையில் கட்டியுள்ள படகுகளையும், கரையோரம் விளையாடும் குழந்தைகளையும் தாக்கும். எனவே வெகு முன்னதாகவே குறைத்துவிடுங்கள்.

பாறைகளைக் காட்டும் மிதவைகளில் ஏமாந்துவிடாதீர்கள். இங்கே மேற்பகுதி சிவப்பாக உள்ள வெள்ளை மிதவையைத் தெற்கு அல்லது மேற்குப் பக்கமாகவும், மேற்பகுதி கறுப்பாக உள்ளதை வடக்கு அல்லது கிழக்குப் பக்கமாகவும் கடக்க வேண்டும். இடது, வலது என்று நினைத்தால் தவறிவிடும். திசைகாட்டியும் ஏரியின் வரைபடமும் கையருகே இருக்கட்டும்.

12 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் படகு நகரும்போது லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களும் அணியுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பனி ஏப்ரல் வாக்கில்தான் விலகும் ஏரி என்பதால், மே மாத வெயிலிலும் தண்ணீர் மூச்சை அடைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். ஸ்டீயரிங் அருகே தொங்கும் சுருள் கயிற்றின் கொக்கியை உங்கள் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்; நீங்கள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு இன்ஜின் நின்றுவிடும், படகு சுழன்று வந்து உங்கள் மீதே ஏறாது.

இரு படகுகளின் பாதைகள் குறுக்கிடும்போது, உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும் படகுக்கு வழிவிடுங்கள். இரவில் அதன் சிவப்பு விளக்கு தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். கரைவீடுகளின் வெளிச்சத்தில் படகு விளக்குகள் கரைந்துவிடுவதால், புதியவர்கள் இருட்டுமுன் துறைக்குத் திரும்பிவிடுவதே நல்லது.

ஏரியின் நடுவே 'பிராட்ஸ்' எனப்படும் அகன்ற வெளியில் காற்று சட்டென எழும். அலைமுகடுகளில் வெள்ளை நுரை தெரிந்தால், அனைவரையும் தாழ்வாக உட்காரச் செய்து, வேகத்தைக் குறைத்து, அலையைச் சற்றுச் சாய்வாக எதிர்கொண்டு, அருகிலுள்ள தீவின் காற்றுமறைவுக்குச் சென்று காத்திருங்கள்.