247 எழுத்தும் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம்: வீட்டிலேயே தமிழ் வாசிக்கப் பழக்குவது எப்படி?

அ முதல் ஃ வரை கடகடவென ஒப்பிக்கும் குழந்தையிடம் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் பல நேரம் திணறும். வரிசையை மனப்பாடம் செய்வது வேறு, எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்ப்பது வேறு. ஆறு மெய்கள், ஒரு புள்ளி, ஒரு துணைக்கால் போதும், குழந்தை சொற்களை வாசிக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் காது (3 வயது முதல்)

எழுத்தே வேண்டாம். வாயால் மட்டும் விளையாடுங்கள். ‘மா…மா’ என்று இடைவெளி விட்டுச் சொல்லி, என்ன சொல் என்று கேளுங்கள். பிறகு ‘பா…லம்’, ‘கா…கம்’. அடுத்து, “பால், பாட்டி, கால்: இதில் எது சேராதது?” என்று முதல் ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். சோறூட்டும்போதும் பஸ்ஸில் போகும்போதும் ஐந்து நிமிடம் போதும். இதில் தடுமாறும் குழந்தைக்கு அட்டையைக் காட்டிப் பயனில்லை, இன்னும் சில வாரம் விளையாடட்டும். பின்னாலிருந்து கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாத குழந்தை என்றால், காதைப் பரிசோதித்துவிடுவது நல்லது.

அட்டைகள் (4 முதல் 5 வயதுக்குள்)

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் இதற்கு அருமையானது. 8 செ.மீ. சதுரமாக வெட்டி, தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள்:

- ட, ப, ம, க, ல, ர
- ட், ப், ம், க், ல், ர் (தனித்தனி அட்டையில்)
- அ
- துணைக்கால் (ா): பாதி அகலத்தில், சிவப்பு மையில்

எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வேண்டும், ‘பாப்பா’வுக்கு இரண்டு ப, இரண்டு கால் தேவைப்படும். காலுக்குச் சிவப்பு மை எதற்கு என்றால், கையெழுத்தில் ர-வும் காலும் ஒன்றுபோலவே தெரியும். ‘கால்’ என்பதை ‘கரல்’ என்று குழந்தை வாசிப்பது அதனால்தான்.

முதல் சொற்கள்

ப, ட, ம் மூன்றையும் வரிசையாக வைத்து, விரலை நகர்த்திக்கொண்டே நிறுத்தாமல் இழுத்துச் சொல்லுங்கள்: பட…ம். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் சிக்கல் வருகிறது. ம் என்பதை ‘இம்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், குழந்தை ‘ப-ட-இம்’ என்று படித்துவிட்டு விழிக்கும். ம் என்றால் உதட்டை மூடி வரும் வெறும் ஒலி. ல் என்றால் நாக்கு மேலே தொட்டு நிற்பது. முன்னால் ‘இ’ வேண்டாம்.

படம் வந்ததும் நடுவில் ட் அட்டையைச் செருகுங்கள்: பட்டம். நடுவில் தனியாக வரும் ட மென்மையாகவும், இரட்டித்தால் வன்மையாகவும் ஒலிப்பதைக் குழந்தை காதாலேயே பிடித்துக்கொள்ளும். இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு சிவப்புக் காலைச் செருகிப் பாடம், மாமா, பாப்பா. அ சேர்ந்ததும் அம்மா, அப்பா. க, ல, ர வந்தால் கல், பல், பால், மரம், பாலம், காகம், கடல், பல்பம்.

ஒரு நாளுக்கு பத்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று புது அட்டை. பழையது தடுமாறினால் புதியது வேண்டாம்.

குழந்தை உண்மையாகவே வாசிக்கிறதா, மனப்பாடமா? சோதிக்க, நீங்கள் காட்டாத சொல்லை வையுங்கள். ‘லமாப்’ என்று பொருளே இல்லாத ஒன்றை வைத்தாலும் சரி. அதைச் சொல்லிவிட்டால் எழுத்துகள் வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

பேச்சும் எழுத்தும் மோதும் இடம்

சுவரில் தொங்கும் அரிச்சுவடிப் படத்தில் இ-க்கு இலை, உ-க்கு உரல். ஆனால் நாம் பேசுவது ‘எல’, ‘ஒரல்’. படத்தைப் பார்த்து ‘எல’ என்று சொல்லும் குழந்தைக்கு இ எங்கிருந்து வரும்? இ-க்கு இட்லி, உ-க்கு உப்பு என்று மாற்றிவிடுங்கள், பேச்சிலும் எழுத்திலும் ஒரே ஒலி. அதேபோல் ‘பல்’ அட்டைக்கு ‘பல்லு’ என்று சொன்னால் திட்டாதீர்கள். கடைசி எழுத்தில் விரல் வைத்து, “இங்கே நிறுத்து” என்றால் போதும்.

அடுத்த குறிகள்

ி, ீ எளிது: பல்லி, பாட்டி, கரடி, கீரி. உகரத்தில் நிதானம் தேவை. கு, டு, பு, மு, ரு ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு, பொதுக் குறி கிடையாது. அதனால் ஒவ்வொன்றையும் புது எழுத்தாகவே எண்ணி, மாடு, பாம்பு, பருப்பு, முகம் என்று சொல்லோடு கொடுங்கள். ஊகாரம் அதற்குப் பிறகு.

ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நின்று பின்னால் ஒலிப்பவை. மேகம், கை, பை என்று வாசிக்கும்போது குறியையும் எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதுங்கள், பிரித்துக் காட்டினால் குழம்பும். ொ, ோ கடைசியில்: ரொட்டி, மோர், கோலம். ங-வைத் தனியாகக் கற்பிக்க அவசியமே இல்லை, ‘ங்க’ என்று ஜோடியாகச் சங்கு, பங்கு போன்ற சொற்களில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். ன, ண, ந-வும் அப்படியே.

பென்சிலுக்கு அவசரம் வேண்டாம். தட்டில் ரவை பரப்பி விரலால் எழுதட்டும், பிறகு பலகையில் பல்பம். குழந்தைகள் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்க, தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டமே எட்டு வயதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. நான்கு வயதுக் குழந்தையை வாட்டக் கூடாது.

கதை வாசிப்பு தினமும்

அட்டை வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவில் ஒரு படக்கதையை நீங்கள் வாசியுங்கள். வரியின் கீழ் விரலை ஓட்டுங்கள். குழந்தைக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல் வரும்போது மட்டும் நிறுத்தி, அதை அதுவே சொல்லட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, முதல் நிலையில் தொடங்கலாம்.

தாத்தா பாட்டி வீட்டுப் பழைய புத்தகங்களில் மட்டும் கவனம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், வாசிக்கப் பழகும் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டாம்.