லெட்டுக்கு அப்புறம் 'டு' வேண்டாம்

சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் தெருவுக்குத் தெரு தொங்குகிற 'டூ லெட்' போர்டில் இருக்கும் லெட்டும், 'லெட் மீ கோ' என்று கேட்கிறோமே அந்த லெட்டும் ஒரே சொல்தான். ஒன்று வாடகைக்கு விடுவது, இன்னொன்று போக விடுவது. இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் கவனியுங்கள். லெட்டுக்கு அப்புறம் 'மீ' மாதிரி ஆளைக் குறிக்கும் சொல் வந்ததும் நேராக வினைச்சொல் வரும், நடுவில் 'டு' வராது. அலவ், பெர்மிட் இரண்டுக்கும் 'டு' வேண்டும். 'மை ஃபாதர் லெட் மீ கோ டு ஏற்காடு', 'மை ஃபாதர் அலவ்ட் மீ டு கோ டு ஏற்காடு'. இரண்டுமே முடிந்துபோன விஷயம்தான், ஏனென்றால் இறந்தகாலத்திலும் லெட் லெட்டாகவே இருக்கும், 'லெட்டட்' என்று ஒன்று கிடையாது. (நிகழ்காலம் என்றால் 'லெட்ஸ் மீ' என்று வந்திருக்கும்.)

'எனக்கு அனுமதி கிடைத்தது' என்பதற்கு 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ' என்று சொல்லுங்கள். அவசரத்தில் 'ஐ வாஸ் லெட் கோ' என்று வாயில் வந்துவிட்டால் போச்சு, பழைய கம்பெனியில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்! பெர்மிட் கொஞ்சம் விறைப்பான சொல், நோட்டீஸ் போர்டுக்கும் விண்ணப்பத்துக்கும் பொருந்தும், வீட்டுப் பேச்சில் ஒட்டாது.

டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அது வேறு. தடை என்ற பொருளில் இருந்த பழைய ஆங்கிலச் சொல் அது.