காப்பியில் ஊற்றிய மருந்து: மனநல சிகிச்சையில் வீட்டார் செய்யும் தவறுகள்

போன வாரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு ஊசி போடும் நாள். பக்கத்தில் இருந்த பெண் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கடைசியில் என் பக்கம் குனிந்து கேட்டாள்: "அக்கா, இங்க சொட்டு மருந்து கேட்டா குடுப்பாங்களா? அண்ணன் மாத்திரையைத் துப்பிருதான். காப்பியில ஊத்திக் குடுத்தா தெரியாதாம்லா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள், சொன்ன தேதிக்குப் போங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதற்காக இதை எழுத உட்காரவில்லை. நான் டாக்டரும் இல்லை, மனச்சிதைவு நோய் உள்ள ஒருவனுக்கு அக்கா. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு போடாத, மத்ததெல்லாம் எழுது" என்றான்.

தெரியாமல் கலந்து கொடுப்பது

தம்பிக்கு நோய் வந்த புதிதில், சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பதுதான் அவனுடைய பெரிய பயம். தட்டை மோந்து பார்ப்பான். சோற்றை விரலால் கிளறிக்கொண்டே இருப்பான். மாத்திரை என்றால் வீட்டை விட்டே போய்விடுவான். அம்மா பீடி சுற்றிக்கொண்டே அழுவாள்.

நாங்கள் பார்த்த ஒரு தனியார் டாக்டர், அவனை நேரில் ஒருமுறைதான் பார்த்தார். அடுத்த முறை நாங்கள் மட்டும் போனோம். ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, "சொல்லாம குடுங்க" என்றார். அம்மா கருப்பட்டிக் காப்பி போடுவாள். கருப்பட்டி வாசத்தில் எந்தக் கசப்பும் தெரியாது என்று நாங்களே எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டோம். காப்பி தீர்ந்த நாளில் டீயில் ஊற்றினோம். டீயில் அந்த மருந்து சரியாகச் சேராது என்பதுகூட அப்போது தெரியாது. அவன் அரை டம்ளர் குடித்துவிட்டு வைத்தால், மீதியில் எத்தனை சொட்டு போயிற்று என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் அந்த மீதியை எடுத்துக் குடிக்கப் போனது என் நாலு வயது மகள். டம்ளரைத் தட்டிவிட்டேன். அவள் அழுதாள், அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதத்தில் நன்றாகத் தெளிந்தான். தூங்கினான், குளித்தான், வயலுக்குப் போனான். அப்புறம்தான் அந்தச் சாமர்த்தியத்தின் மறுபக்கம் தெரிந்தது. "பாத்தியளா, மாத்திரை இல்லாமலே சரியாயிட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னேம்லா" என்றான். என்ன பதில் சொல்வது? அவனைப் பொறுத்தவரை அது உண்மைதானே. வேலைக்கென்று கோவில்பட்டி போனான். கூடவே காப்பி போக முடியாது. ஆறு வாரத்தில் திரும்பக் கூட்டி வந்தோம், பழைய நிலைக்கும் கீழே.

மறுபடியும் அதையே செய்தோம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முதல் தடவை தெரியாமல் செய்தோம், சரி. இரண்டாம் தடவை?

ஒரு மதியம் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் இருந்த பாட்டிலை அவனே எடுத்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: "சாப்பாட்டுல கலக்குதாங்கன்னு நான் சொன்னது நிஜந்தானே?"

நோய் சொன்ன பொய்யை நாங்களே உண்மையாக்கிவிட்டோம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் வீட்டுச் சோறு தொடவில்லை. தானே உரித்த வாழைப்பழம், உறை பிரிக்காத பிஸ்கட், தெருக்குழாயில் கையேந்திக் குடிக்கும் தண்ணீர். எலும்பும் தோலுமாக ஆனான். அம்மா தட்டை வாசலில் வைத்துவிட்டு, அவன் கண்ணெதிரே அதிலிருந்து ஒரு உருண்டை எடுத்துத் தின்று காட்டுவாள். அப்போதும் தொட மாட்டான்.

நிலைமை மாறியது ஒரு கேள்வியால். ஹைகிரவுண்டில் பார்த்த டாக்டர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மாத்திரை போட்டால் என்ன செய்கிறது என்று அவனிடமே கேட்டாராம். நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அவன் சொல்லியிருக்கிறான்: முதலில் போட்ட மாத்திரையில் நாக்கு தடித்துப் பேச வரவில்லை, உட்கார்ந்தால் கால் நிற்காமல் எழுப்பிவிடுகிறது, ராத்திரி முழுக்க நடக்கத்தான் தோன்றுகிறது. அந்த வகை மருந்துகளுக்கு இது தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் தனி மாத்திரை சேர்க்கலாம். நாங்கள் 'அடம்' என்று நினைத்தது அவன் உடம்பு பட்ட பாடு.

மருந்தை மாற்றினார்கள். கொஞ்ச நாள் மாத்திரையாகப் போட்டு, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு, நாள்பட வேலை செய்யும் ஊசியைப் பற்றி அவனிடமே சொன்னார்கள். மருந்தைப் பொறுத்து இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுவது. "தினமும் உங்க மூஞ்சியைப் பாத்து மாத்திரை முழுங்கதுக்கு இது பரவாயில்ல" என்று அவன் ஒத்துக்கொண்டான்.

அறவே மறுக்கிறவருக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். ஒளித்து வைக்காத வழி இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒருவர் தன் சார்பில் முடிவெடுக்க ஒரு நியமனப் பிரதிநிதியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நோய் முற்றி, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், பிரதிநிதி கேட்டுக்கொண்டால், மருத்துவர்கள் பரிசோதித்து 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். அவருக்குத் தெரிந்து, காகிதத்தில் பதிவாகி நடக்கும். கோபப்படுவார்தான். கோபம் ஆறும். டம்ளரைப் பார்த்து வந்த சந்தேகம் ஆற எங்களுக்கு வருடக்கணக்கானது. இப்போதும் அவன் காப்பியை அவனேதான் போட்டுக்கொள்கிறான்.

லித்தியம் சாப்பிடுகிறவருக்கு மெடிக்கலில் வலி மாத்திரை

எங்கள் பக்கத்து ஊர் அண்ணாச்சிக்கு இருமுனை நோய்; மனசு ஒரு சமயம் எல்லை மீறித் துள்ளும், ஒரு சமயம் அடியோடு சோர்ந்துவிடும். அதற்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரையில் பல வருடம் நன்றாக இருந்தார். கத்திரி வெயிலில் வாழைக்கு மண் அணைத்துவிட்டு, மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி நாலைந்து நாள் போட்டார். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, குடித்தவர் போலத் தள்ளாட்டம். நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். இரத்தத்தில் லித்தியம் ஏறியிருந்தது. அந்த வகை வலி மாத்திரையும், உடம்பில் தண்ணீர் வற்றுவதும், உப்பைத் திடீரென்று குறைப்பதும் லித்தியத்தை ஏற்றிவிடும். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எந்தக் கடையில் எது வாங்கினாலும் "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போவது

உவரி அந்தோனியார் கோவிலிலும் புளியம்பட்டியிலும் நாங்களும் தங்கியிருக்கிறோம். சுடலைமாடன் கொடைக்குக் கிடாவும் வெட்டியிருக்கிறோம். அம்மாவுக்கு அதில் ஒரு தெம்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். தவறு, "சாமியை நம்பி வந்துவிட்டு மாத்திரை எதுக்கு" என்று பையிலிருந்து எடுத்து வைப்பது. குணசீலம் பெருமாள் கோவிலில் நேர்ச்சைக்கு வருகிறவர்களுக்கு மனநல டாக்டர் சிகிச்சையும் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் நடக்கிறது, யாருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை.

சங்கிலி மட்டும் கூடாது. ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில், தர்காவுக்குக் கூட்டி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில், கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். இன்றைக்குச் சட்டமே தடுக்கிறது. கோவிலிலும்தான், வீட்டுத் திண்ணையிலும்தான்.

கரண்ட் வைத்தியம் என்றதும் எழுந்து ஓடுவது

மூளைக்குக் கொஞ்சமாக மின்சாரம் கொடுக்கும் ஷாக் சிகிச்சையைத்தான் (ECT) கரண்ட் வைத்தியம் என்கிறோம். சினிமாவில் பார்த்ததை வைத்துப் பயப்படுகிறோம். மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்வது இப்போது சட்டப்படி குற்றம். சாப்பிடாமல் பேசாமல் கல்லாகிப் போனவருக்கும், சாவதிலேயே நினைப்பாக இருக்கிறவருக்கும் அது வேகமாகப் பலன் தரும். சில நாள் ஞாபகம் தப்பலாம். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பத்து நாளில் "கேக்கல" என்று டாக்டரை மாற்றுவது

மனச்சோர்வு மாத்திரை பிடிக்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். இடையில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்

ஆகாது.

ஓ.பி. சீட்டை நாமே வைத்துக்கொள்வது

அவரிடம் கொடுங்கள். தம்பி அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருக்கிறான். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து, கையைத் தேய்த்துக்கொண்டே அடுத்த தேதியைக் காட்டினான். "அன்னைக்கு உனக்கு முடியலன்னா வராத, நான் பஸ்ல போய்க்கிடுதேன்."