ஹோட்டல் வேலைக்கு எந்த மாதிரி போட்டோ அனுப்புவது?

அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவையே ஹோட்டல் வேலைக்கும் அனுப்பாதீர்கள். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம் அது. ஹோட்டல் மேனேஜர் தேடுவதோ, ராத்திரி முழுக்க பயணம் செய்து களைத்துப்போய் வந்து நிற்கிற விருந்தினருக்கு முகம் கொடுத்துப் பேசுகிற ஆளை. அந்த ஆள் நீங்கள்தான் என்று படம் சொன்னால் போதும், அழகாகத் தெரிவதெல்லாம் அப்புறம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் (ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வீடாக இருந்ததுதான்), பண்டாரவளை ஹோட்டல், கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையையே மாற்றிக் கட்டிய ஹோட்டல் போன்ற இடங்களுக்கு அடக்கமான படம்தான் சரி: வெள்ளை சட்டை, இருண்ட நிறக் கோட் அல்லது நேர்த்தியாகக் கட்டிய சேலை, வெறும் பின்னணி, மெல்லிய சிரிப்பு. எல்ல என்கிற சுற்றுலா ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கோ கஃபேக்கோ போவதென்றால் கோட் போட்டுப் போவது கொஞ்சம் அதிகம். கழுத்துப் பட்டி வைத்த சுத்தமான சட்டை, வெளி வெளிச்சம், பல் தெரியச் சிரித்தாலும் பரவாயில்லை.

வேலையும் முக்கியம். ரிசெப்ஷனுக்கு முகமும் தோளும் தெளிவாகத் தெரிய வேண்டும். சமையலறைக்கு என்றால் முடியை முழுக்கக் கட்டி, நகைகளைக் கழற்றிவிட்டு எடுங்கள். பண்டாரவளை ஹோட்டல் ஸ்கூலிலோ வேறெங்கோ பயிற்சி எடுத்தவர் செஃப் கோட்டோடு நிற்கலாம், கூட்டாளியிடம் இரவல் வாங்கிப் போட்டால் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள். தாடி வைத்திருந்தால் ஒதுக்கி வெட்டுங்கள், மழித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் எப்படியும் அதைத்தான் சொல்வார்கள். பொட்டு உங்கள் விருப்பம், சின்னதாக இருந்தால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஸ்டூடியோவில் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: முகத்தை வெள்ளையாக்க விடாதீர்கள். நம்ம டவுன் ஸ்டூடியோக்களில் கேட்காமலே செய்கிறார்கள், படத்தில் மாவில் முக்கி எடுத்த மாதிரி ஒரு ஆள், நேரில் வேறொரு ஆள், கடைசியில் மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். எடிட் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பருவை எடுக்கலாம், நிறத்தில் கை வைக்க வேண்டாம்.

ஸ்டூடியோவுக்குக் காசில்லை என்றால் வீட்டிலேயே எடுக்கலாம். காலையில், பனிமூட்டம் இறங்குவதற்கு முன், இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) வெளியைப் பார்த்து நில்லுங்கள். முகத்தில் நேர் வெயில் படக்கூடாது. ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜூன், ஜூலையில் மழை விடாது, அப்போது பண்டாரவளை பக்கம் பெரும்பாலும் வெயில், அங்கே சொந்தக்காரர் இருந்தால் ஒரு எட்டு போய் எடுத்துக்கொள்ளலாம். செல்ஃபி வேண்டாம், கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். போனைக் கண் உயரத்தில் வேறொருவர் பிடிக்கட்டும், ஐந்தாறு அடி தள்ளி நின்று. பின்னால் உடுப்புக் காயப்போட்ட கொடி இல்லையா என்றும் பார்த்துவிடுங்கள்.

வெளிநாடு என்றால் கதை வேறு. வளைகுடா ஹோட்டல்களுக்கு ஆள் எடுப்பவர்கள் பலர் முழு உயரப் படமும் கேட்பார்கள், அதற்கு ஷூ துடைத்திருக்க வேண்டும். பிரித்தானியா, கனடாவுக்கு சுயவிபரக்கோவையில் படம் வைப்பதே வழக்கமில்லை, கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். கப்பல் வேலைக்கு அமெரிக்க விசா தேவைப்பட்டால் அந்தப் படம் தனி: இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக்கூடாது.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான பிரதியை அனுப்பாமல், ஸ்டூடியோவிலிருந்து மூலப் படத்தையே மின்னஞ்சலில் வாங்கி, கோப்புக்கு உங்கள் பெயரை வைத்து அனுப்புங்கள்.