ஜூலையில் பிறந்து ஜூனில் சாகும் திட்டங்கள்

ஜூலை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் ரோட்டரி, லயன்ஸ் சேவைச் சங்கங்களின் பதவியேற்பு விழாக்கள்தான். இரண்டு அமைப்புக்கும் ஆண்டுக் கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இந்த முறை எங்கள் பக்கத்தில் பதவியேற்ற இளம் தலைவர்கள் சிலரின் திட்டப் பட்டியலைப் பார்த்தேன். நாங்கள் அந்தக் காலத்தில் போட்ட பட்டியலையே தேதி மாற்றி அச்சடித்தது போல் இருந்தது. அதனால் சங்கங்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் சிலவற்றை அவர்களுக்குச் சொல்கிறேன். மைக்கைச் சோதியுங்கள், அழைப்பிதழில் பெயரைச் சரி பாருங்கள் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை தானாகவே பழகிவிடும்.

ஓராண்டுத் தலைவர், ஈராண்டுத் திட்டம்

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு சங்கம், பெயர் வேண்டாம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகம் தொடங்கியது. உறுப்பினர் ஒருவர் தன் கடை மாடியை இலவசமாகக் கொடுத்தார். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு பட்டதாரிப் பெண். மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை எங்கள் பொறுப்பு என்று மேடையிலேயே அறிவித்தார்கள். பெற்றோர் கை தட்டினார்கள்.

அடுத்த ஜூலையில் புதுத் தலைவர். அவருக்கு மரக்கன்றுதான் எல்லாம். "படிப்பகம் போன வருஷத் தலைவரோட புராஜெக்ட் அண்ணே. அதையே நானும் செஞ்சா என் பேரு எங்க வரும்?" என்று என்னிடமே கேட்டார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர், அதையும் சொல்ல வேண்டும். ஆசிரியையின் ஜூன் மாதச் சம்பளமே இழுத்தடித்துத்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். மாடிக்குப் பூட்டு. ஒரு பையனின் அம்மா கடைக்கே வந்துவிட்டார். "டியூஷனை நிறுத்திட்டுத்தான் சார் இங்க சேர்த்தேன். இப்ப அங்க போனா இடமில்லைங்கிறாங்க." கடைக்காரர் என்ன பதில் சொல்வார்? இடம் கொடுத்த பாவத்துக்கு அவர்தான் திட்டு வாங்கினார்.

அந்தத் தலைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சங்கத்தின் ஆண்டும் பள்ளியின் ஆண்டும் பொருந்துவதே இல்லை. பள்ளி ஜூனில் திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. ஜூலையில் பதவியேற்றவர் குழு போட்டு, ஸ்பான்சர் பிடித்து, தொடக்க விழா நடத்துவதற்குள் காலாண்டு முடிந்துவிடும். பிள்ளைகள் சூடுபிடிக்கும் நேரத்தில் ஜூன் 30 வந்து நிற்கும்.

இதற்கு வழி இருக்கிறது. ரோட்டரியில் அடுத்த ஆண்டு நிர்வாகிகளை டிசம்பர் 31க்குள் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அதனால் வரப்போகிறவர் யார் என்பது ஆறு மாதம் முன்பே தெரியும். பிள்ளைகளைப் பெயர் எழுதிச் சேர்க்கும் எந்தத் திட்டமானாலும், இன்றைய தலைவரும் அடுத்தவரும் போர்டு மீட்டிங்கில் ஒப்புக்கொண்டு அது மினிட்ஸில் ஏறும் வரை ரிப்பன் வெட்டாதீர்கள். இரண்டு கல்வியாண்டுக்கான ஆசிரியர் சம்பளத்தை முதலிலேயே திரட்டித் தனியாக ஒதுக்கி வையுங்கள். தலைவர் மாறினாலும் திட்டக்குழுவின் பொறுப்பாளர் மூன்று ஆண்டு அங்கேயே இருக்கட்டும். இதெல்லாம் ஆகாது என்றால், சில நாளில் முடிகிற வேலையை எடுங்கள். 14 முதல் 30 வயது வரையிலான இளைஞர்களுக்கு ரோட்டரி நடத்தும் ரைலா என்ற தலைமைப் பண்புப் பயிற்சி முகாம் அப்படிப்பட்டது. நடுவழியில் யாரையும் இறக்கிவிடாது.

பேட்ஜ் குத்திவிட்டுக் கிளம்புவது

1962இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தொடங்கிய இன்ட்ராக்ட், ரோட்டரியின் துணையோடு 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் தாங்களே நடத்தும் சங்கம். நம் ஊரிலோ பேட்ஜ் குத்தி, படம் எடுத்து, கேக் கொடுத்ததோடு சரி. அடுத்து அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பது கவர்னர், அதாவது பல சங்கங்களுக்கும் பொறுப்பான ரோட்டரி மாவட்டத் தலைவர், வரும் நாளன்றுதான். ஒரு பள்ளியில் கைகழுவும் விழிப்புணர்வுப் பேரணிக்கு ஆள் சேர்க்கப் போனோம். எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்றோம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்றார்கள் பெண் பிள்ளைகள். பேரணிக்கு அடித்த தொப்பிகளின் செலவில் பள்ளி முழுவதற்கும் தாழ்ப்பாள் போட்டிருக்கலாம்.

தலைமையாசிரியரோடு பேச்சை முடித்துக்கொள்வது

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அவர்கள் கூட்டத்தில் போய் உட்காருங்கள். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார். பெற்றோர் ஊரில்தான் இருப்பார்கள்.

வாராந்திரக் கூட்டம்

வாரம் தவறாமல் கூடியாக வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2016இலேயே ரோட்டரி இதைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்றாக்கிவிட்டது. மிச்சமாகும் மாலைகளில் ஒன்றையாவது படிப்பகத்தில் செலவிடலாம். கூட்டத்தில் முதல் அரைமணி பொன்னாடைக்கே போய்விடுகிறது. திட்டக் கணக்கு வரும்போது சாப்பாட்டு வாசனை வந்துவிடும். கணக்கை முதலில் வையுங்கள்.

சிறப்பு விருந்தினர் தாமதம்

தொடங்கிவிடுங்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

நோட்டுப்புத்தகம் வாங்கும் குழந்தையின் படம்

வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

பொதுமக்களிடம் வாங்கிய பணம்

நன்கொடை, கூப்பன், கலைநிகழ்ச்சி வசூல் எல்லாம் சேவைக்கணக்கில் மட்டுமே சேர வேண்டும். சங்கத்தின் சொந்தச் செலவுக்கு உறுப்பினர் சந்தா. லயன்ஸில் இது எழுதப்பட்ட விதி. பதவியேற்பு விழாச் சாப்பாட்டுக்கு "அப்புறம் திருப்பி வைக்கலாம்" என்று இதிலிருந்து எடுக்கச் சொன்னால், பொருளாளர் காசோலையில் கையெழுத்துப் போட மறுத்துவிடலாம்.

பேனர்

ஒன்று. வருடம் போடாமல் அடியுங்கள், அடுத்த ஆண்டும் ஆகும்.